பட்டறையில் தவறி விழும் கூர்க்கருவிகள்

தச்சுப்பட்டறை, மரச்சிற்பக் கூடம், தொழிற்பயிற்சி நிலையம் போன்ற இடங்களில் உளி, கோடிடும் கத்தி, இழைப்புளித் தகடு, கைரம்பம் முதலிய கூரிய கருவிகள் கையிலிருந்தோ வேலைமேசையிலிருந்தோ தவறி விழுவது அன்றாடம் நடப்பது. பெரும்பாலான தடவைகளில் கருவி தரையில் விழுந்து கூர் மழுங்குவதோடு விஷயம் முடிந்துவிடும். காயம் ஏற்படும்போது அது பெரும்பாலும் இரண்டு இடங்களில் ஏற்படுகிறது. ஒன்று, கருவிக்கு நேர் கீழே இருந்த பாதம். மற்றொன்று, அதைப் பிடிக்க நீண்ட கை. முதலாவதில் கருவி ஆளைத் தேடி வருகிறது. இரண்டாவதில் ஆள் கருவியைத் தேடிப் போகிறார். கை தானாகப் போவதை அந்த நொடியில் அறிவுகொண்டு தடுப்பது ஏறத்தாழ இயலாது. ஆகவே இந்தக் காயங்களைத் தவிர்க்கும் வேலை கருவி விழுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கருவியை எங்கே வைப்பது, காலில் என்ன அணிவது, விழுந்தால் உடல் எப்படி அசைய வேண்டும் என்று பழக்குவது ஆகிய மூன்றும் அந்த வேலையில் அடங்கும்.

விழும் நேரமும் வேகமும்

தச்சு வேலைமேசையின் உயரம் ஏறக்குறைய 80 செ.மீ. என்று கொள்ளலாம். அதன் ஓரத்திலிருந்து நழுவும் உளி தரையைத் தொட எடுத்துக்கொள்ளும் நேரம் சுமார் 0.4 நொடி. தரையைத் தொடும்போது அதன் வேகம் நொடிக்குச் சுமார் 4 மீட்டர், அதாவது மணிக்கு 14 கி.மீ. சைக்கிளில் நிதானமாகப் போகிறவரின் வேகம் இது. கேட்பதற்குப் பெரிதாகத் தெரியாது.

கண் ஒன்றைக் கண்டு, உடல் அதற்கு அசையத் தொடங்குவதற்கு மனிதருக்குச் சுமார் 0.2 நொடி ஆகும். எதிர்பாராத நிகழ்வானால் இன்னும் சற்றுக் கூடும். அந்த 0.2 நொடிக்குள் உளி 20 செ.மீ. இறங்கிவிட்டது, மேற்கொண்டு வேகம் கூடிக்கொண்டே போகிறது. மீதி 60 செ.மீ.யை அது அடுத்த 0.2 நொடியில் கடந்துவிடும். எனவே பிடிக்கப் போகும் கை உளியைச் சந்திப்பதென்றால், முழங்கால் உயரத்திலோ அதற்குக் கீழேயோ, அது நொடிக்கு 3 மீட்டரையும் தாண்டிய வேகத்தில் போகும்போதுதான் சந்திக்கும். அதற்குள் உளி சுழலவும் செய்கிறது. நொடிக்கு 2 சுற்று என்ற மிதமான சுழற்சியே ஆனாலும், கண் பார்த்த கணத்துக்கும் கை சேரும் கணத்துக்கும் இடையே அது ஏறத்தாழ அரைச் சுற்றுத் திரும்பியிருக்கும். பிடி இருந்த பக்கத்தில் இப்போது அலகு இருக்கும். நன்றாகக் குறிபார்த்துப் பிடிக்கிறவருக்கும் இதே கணக்குதான்.

விழுகையின் ஆற்றலையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 300 கிராம் எடையுள்ள உளி 80 செ.மீ. விழுந்தால் அது கொண்டுவரும் ஆற்றல் 2.4 ஜூல் அளவு. மார்பு உயரத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த 200 கிராம் கைப்பேசி நழுவிக் காலில் விழுந்தாலும் ஏறக்குறைய இதே ஆற்றல்தான். கைப்பேசி விழுந்தால் வலிக்கும், கன்றிப்போகும், அதோடு சரி. உளி விழுந்தால் நிலைமை வேறாவதற்குக் காரணம் ஆற்றலின் அளவு இல்லை, அது இறங்கும் பரப்பு. நன்கு தீட்டிய உளியின் விளிம்பு எழுதும் தாளைவிடப் பன்மடங்கு மெல்லியது. அரை அங்குல அகல உளி தொடும் பரப்பு ஒரு சதுர மில்லிமீட்டரில் சிறு பங்கே. அவ்வளவு ஆற்றலும் அங்கே குவிவதால் தோல் தடுத்து நிற்பதில்லை.

இங்கே ஒரு முரண் உண்டு. வேலை செய்கையில் மழுங்கிய உளியே ஆபத்தானது, ஏனெனில் அதிக விசை கொடுத்து அழுத்த வேண்டியிருக்கும், நழுவினால் அந்த விசை முழுவதும் கைக்கு வரும் என்று எல்லாப் பயிற்சி நிலையங்களிலும் சொல்லித் தருகிறார்கள். அது சரியே. ஆனால் விழும் கருவிக்கு அந்த விதி பொருந்தாது. எவ்வளவு நன்றாகத் தீட்டப்பட்டதோ அவ்வளவு ஆழமாக வெட்டும். காலையில் சாணை பிடித்து வைத்த கருவிகள் மேசையில் இருக்கும் நாள்தான் கூடுதல் கவனம் வேண்டிய நாள்.

கை ஏன் போகிறது

விழும் பொருளைப் பிடிப்பது குழந்தைப் பருவத்திலிருந்து பழகிய அசைவு. பந்து, தம்ளர், சாவிக்கொத்து எதுவானாலும் பிடித்தால் பாராட்டு, விட்டால் திட்டு. பிடிக்கத் தோன்றும் கணத்தில், விழுவது தம்ளரா உளியா என்று உடல் வேறுபாடு பார்ப்பதில்லை. அண்மைக் காலத்தில் இதனுடன் இன்னொரு பழக்கமும் சேர்ந்திருக்கிறது. கைப்பேசி நழுவினால் அது தரையில் மோதாமல் இருக்கக் காலை நீட்டித் தாங்குவது இளைஞர்கள் பலருக்குக் கைவந்த, அல்லது கால்வந்த, கலை. அதே கால் பட்டறையில் உளிக்கும் நீளும். உட்கார்ந்து வேலை செய்பவர் மடியிலிருந்து எதுவும் நழுவினால் தொடைகளைச் சேர்த்து இறுக்குகிறார். மரச்சிற்ப வேலையில் சிறிய உளிகளும் செதுக்குக் கத்திகளும் மடியிலோ தொடையருகிலோ கிடப்பது வழக்கம் என்பதால் இந்த அசைவு அங்கே கூடுதல் ஆபத்தானது. தொடையின் உட்புறத்தில் பெரிய தமனி ஓடுகிறது.

அனிச்சையாகத் தோன்றும் இந்த அசைவுக்குப் பின்னால் ஒரு கணக்கும் இருக்கிறது. கருவி விலை உயர்ந்தது. விழுந்தால் முனை உடையும், மீண்டும் தீட்ட நேரம் ஆகும், மேஸ்திரி திட்டுவார். பயிற்சியில் சேர்ந்த முதல் சில மாதங்களில் இந்த மூன்றாவது அச்சம்தான் வலுவானது. கருவியைக் கீழே போட்டதற்காக எல்லார் முன்னிலையிலும் ஏச்சு வாங்கிய பையன் அடுத்த முறை உயிரைக் கொடுத்தாவது அதைப் பிடிக்கப் பார்ப்பான். கருவியைப் போட்டதற்குத் திட்டும் பட்டறை, தன்னை அறியாமலே, பாய்ந்து பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறது. ஆயுத பூசையன்று பொட்டிட்டு வணங்கும் பொருள், கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பொருள் தரையில் விழுகிறதே என்ற பதைப்பும் சிலருக்கு உண்டு. அந்த மரியாதை நல்லதே. ஆனால் அது கருவியைச் சரியான இடத்தில் வைப்பதில் வெளிப்பட்டால் கைகளுக்கும் நல்லது.

விலைக் கணக்கை நேராகவே போட்டுப் பார்க்கலாம். முனை உடைந்த உளியைச் சாணைக்கல்லில் புதிதாகச் சாய்வு எடுத்துத் தீட்டுக்கல்லில் முடிக்க அரை மணி நேரம் போதும். வார்ப்பிரும்பு இழைப்புளி சிமெண்டுத் தரையில் விழுந்தால் விரிசல் விடலாம். அது உண்மையான இழப்பு. அதற்கு எதிராக, விழும் அலகைப் பற்றிய கையில் விரல்களின் உட்பக்கம் வெட்டுப்படும். விரலை மடக்கும் தசைநாண்களும் விரல் நுனிக்கு உணர்ச்சி தரும் நரம்புகளும் அங்கேதான் தோலுக்குச் சற்றுக் கீழே ஓடுகின்றன. உள்ளங்கையின் மேல்ரேகையிலிருந்து விரலின் நடுக்கணு வரையிலான பகுதியில் இரண்டு தசைநாண்கள் ஒரே குறுகிய உறைக்குள் செல்கின்றன. அங்கே தைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விரல் மடங்காமல் போவது அடிக்கடி நேர்ந்ததால், கை அறுவை மருத்துவத்தின் முன்னோடியான ஸ்டெர்லிங் பன்னல் அந்தப் பகுதியை எவரும் நுழையக் கூடாத நிலம் என்ற பொருளில் குறிப்பிட்டார். இன்று அங்கும் தைக்கிறார்கள். ஆனாலும் பல வாரங்கள் கட்டுடன் இருந்து, முறையாக விரல் பயிற்சி செய்து, பழைய வலுவுடன் வேலைக்குத் திரும்ப ஏறத்தாழ 3 மாதம் ஆகும். நாட்கூலிக்கு வேலை செய்யும் தச்சருக்கு அந்த 3 மாதமும் வருமானம் இல்லை.

கருவி எப்படி விழுகிறது

கனமான பக்கம்தான் முதலில் கீழே போகும், எனவே உளி எப்போதும் அலகு கீழாகவே விழும் என்று பலர் நம்புகிறார்கள். தடையின்றி விழும் பொருளில் கனமான முனையும் இலேசான முனையும் ஒரே வேகத்தில்தான் இறங்கும். மேசை உயரத்திலிருந்து விழும்போது காற்று கருவியைத் திருப்புவதும் பொருட்படுத்தும் அளவில் இருக்காது. எந்தப் பக்கம் கீழே வரும் என்பது கருவி மேசையை விட்டு நீங்கும் கணத்தில் பெறும் சுழற்சியைப் பொறுத்தது. அடுப்பு மேடையின் ஓரத்தில் கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்கும் தோசைத்திருப்பியை இடுப்பால் இடித்தால் என்ன ஆகிறது? நீட்டியிருந்த பக்கம் முதலில் சாய்கிறது, அந்தச் சாய்வே சுழற்சியாகிறது, தரைக்கு வருவதற்குள் தலைகீழாகிவிடுகிறது. உளியும் அப்படியே. அலகு வெளியே நீட்டியிருந்தால் நேராகக் காலுக்கு இறங்கும். பிடி நீட்டியிருந்தால் வழியில் திரும்பி அலகு கீழே வரலாம். ஆகவே பிடியை வெளிப்பக்கம் வைத்தால் போதும் என்ற யோசனை பயன் தராது. எந்தப் பகுதியும் ஓரத்தைத் தாண்டி நீட்டக்கூடாது.

உருண்டு விழுவது வேறு வகை. கடைசலில் கடைந்த உருளைப் பிடிகள் அழகானவை, கைக்கு இதமானவை, ஆனால் சிறிது சாய்வு கிடைத்தாலும் உருளும். கொட்டாப்புளியால் அடிக்கும்போது மேசை அதிர்வதே உருட்டப் போதுமானது. பிடியின் ஒரு பக்கத்தை இழைத்துத் தட்டையாக்கிவிட்டால் உருளுவது நின்றுவிடும். எண்கோண வடிவப் பிடி போடுவதன் பயன்களில் இதுவும் ஒன்று. செலவே இல்லாத இந்தத் திருத்தத்தைப் புதிதாக உளி வாங்கும் மாணவர் அன்றைக்கே செய்துவிடலாம்.

மூன்றாவது வகைதான் மிகுதியாக நடப்பது, கவனத்துக்கு வராதது: கருவி தானாக விழுவதில்லை, வேறொன்று இழுத்துப் போடுகிறது. மேசையில் சேர்ந்த சீவலைப் புறங்கையால் வழிக்கும்போது அடியில் மறைந்திருந்த உளி சேர்ந்து போகும். நீளப் பலகையைத் திருப்பும்போது அதன் மறுமுனை கருவிகளைத் துடைத்துக்கொண்டு போகும். துளைப்பானின் மின்கம்பி, தோளிலிருந்து தொங்கும் துண்டு, அளவு நாடா எல்லாம் இப்படி இழுப்பவையே. சீவலைக் கையால் வழிக்காமல் தூரிகையால் கூட்டுவது, பலகையைத் திருப்பும் முன் மேசையை ஒழிப்பது என்னும் இரண்டு பழக்கங்கள் இதில் பெரும்பகுதியைத் தீர்க்கும்.

கருவிக்கு மேசையிலேயே ஒரு வீடு இருந்தால் நல்லது. பழைய தச்சு மேசைகள் சிலவற்றில் பின்பக்கம் ஓர் ஆழமான பள்ளம் இருக்கும். அப்போதைக்குப் பயன்படுத்தும் கருவிகள் அதில் கிடக்கும்; மேல்பரப்பில் பலகை எப்படிப் புரண்டாலும் அவற்றைத் தொடாது. பள்ளம் இல்லாத மேசையில், பின்விளிம்பில் விரல் உயரத்துக்கு ஒரு சட்டம் அடித்து, அதற்கு முன்னால் கருவிகளை விளிம்புக்கு இணையாக வைக்கலாம். ஒரே நேரத்தில் மேசையில் எத்தனை கருவிகள் என்பதும் முக்கியம். 6 உளிகள் பரப்பி வைத்திருப்பவர் பயன்படுத்துவது பெரும்பாலும் 2தான்.

சுவரில் மாட்டும் தாங்கியை மேசைக்குப் பின்னால், கண்மட்டத்துக்குக் கீழே அமைப்பது வழக்கம். தலைக்கு மேலோ, ஆள் நடக்கும் வழியிலோ, கதவு மோதும் சுவரிலோ அமைத்த தாங்கி பிரச்சினையை உயரத்துக்கு மாற்றுமே தவிரத் தீர்க்காது. அலகுகளின் முன் ஒரு மெல்லிய பலகையோ கண்ணாடி இழைத் தகடோ மறைப்பாக இருந்தால் கைபட்டு வெட்டாது. காந்தப்பட்டை இலேசான கத்திகளுக்குப் போதும். கனத்த பிடியுள்ள உளி அதில் தொங்கினால் பிடியின் எடை இழுத்து மெல்ல நழுவக்கூடும். பெட்டியில் எடுத்துச் செல்லும் கருவிகளின் அலகுக்குத் தோல் உறை சிறந்தது. அது இல்லாதபோது தோட்டத்துக்கு நீர் விடும் பழைய குழாயில் ஒரு துண்டை நீளவாக்கில் கீறிச் செருகினாலும் வேலை நடக்கும்.

கைமாற்றிக் கொடுக்கும்போதும் கருவிகள் விழுகின்றன. கொடுப்பவர் விட்டுவிட்டார், வாங்குபவர் இன்னும் பற்றவில்லை. கத்தியை ஒருவர் கையில் நேராகக் கொடுத்தால் சண்டை வரும், கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும் என்று சில வீடுகளில் பாட்டிமார் கண்டிப்பார்கள். சண்டை வருமோ வராதோ, பட்டறைக்கு அதைவிடச் சிறந்த விதி கிடைப்பது கடினம்.

தரையிலிருந்து மேசைக்கு

தமிழ்நாட்டு மரபுத் தச்சர்கள் பல வேலைகளைத் தரையில் உட்கார்ந்தே செய்தார்கள்; இன்றும் செய்பவர்கள் உண்டு. மரத்தைப் பாதத்தால் மிதித்தும் கால்விரல்களால் கவ்வியும் பிடித்துக்கொண்டு உளியை ஓட்டுவது அந்த முறை. இதில் பாதம் வெறும் பாதமாக இருந்தே ஆக வேண்டும். அது ஒரு பிடிசிராவியின் வேலையைச் செய்கிறது. அலகு நழுவிக் காலில் பாயும் ஆபத்து அங்கே உண்டு. ஆனால் விழும் ஆபத்து மிகக் குறைவு. கருவி ஏற்கெனவே தரையில்தான் கிடக்கிறது, அது விழுவதற்கு உயரமே இல்லை.

நின்று செய்யும் மேசைமுறை வந்தபோது முதுகுக்கும் முழங்காலுக்கும் ஓய்வு கிடைத்தது, இயந்திரங்களோடும் அது ஒத்துப்போனது. கூடவே கருவிக்கு 80 செ.மீ. உயரமும் கிடைத்துவிட்டது. மாறாமல் நின்றது பாதம்தான். தரைவேலைக்குப் பொருத்தமாயிருந்த வெறுங்காலும், அதற்குச் சற்றே மேலான ரப்பர்ச் செருப்பும் மேசைவேலைக்கும் அப்படியே தொடர்ந்தன. சிறு பட்டறைகளில் செருப்பு இன்னும் இயல்பாக இருப்பதை அலட்சியம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. வெப்பமும் வியர்வையும் உண்மையானவை, காலணியின் விலையும் உண்மையானது.

ஆனால் செருப்பு திறந்துவிடும் இடம் எது என்று பார்க்க வேண்டும். பாதத்தின் மேற்புறமாகிய புறங்காலில் தோல் மெல்லியது, அதன் கீழ்க் கொழுப்பும் தசையும் மிகக் குறைவு. விரல்களைத் தூக்கும் தசைநாண்கள் தோலை ஒட்டியே ஓடுகின்றன. பெருவிரலைச் சற்று மேலே தூக்கிப் பார்த்தால் அதன் தசைநாண் கயிறுபோலப் புடைத்துத் தெரியும். மருத்துவர்கள் காலில் நாடி பார்க்கும் தமனியும் அதன் பக்கத்திலேயே செல்கிறது. விழும் உளி அந்தத் தசைநாணை வெட்டினால் வெளியே தெரிவது ஓர் அங்குலக் கீறலாக இருக்கலாம். பெருவிரல் மட்டும் மேலே எழாது. சிறு கீறல் என்று கட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்து, நடக்கும்போது பெருவிரல் தடுக்குகிறதே என்று வாரங்கள் கழித்து மருத்துவரிடம் போனால், அறுந்த முனைகள் விலகிச் சுருங்கியிருக்கும். அப்போது தைப்பது முதல் நாளில் தைப்பதுபோல் எளிதாக இராது.

இரும்புமுனைக் காலணி இதற்கு முழு விடை என்று நினைப்பதிலும் ஒரு பிழை உண்டு. ஐ.எஸ்.ஓ. 20345 என்னும் பன்னாட்டுத் தரமும், அதை ஒட்டிய இந்தியத் தரமான ஐ.எஸ். 15298 இன் இரண்டாம் பகுதியும் பாதுகாப்புக் காலணியின் முனைக்கவசம் 200 ஜூல் மோதலைத் தாங்க வேண்டும் என்கின்றன. 20 கிலோ எடை ஏறக்குறைய 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு அது சமம். உளியின் 2.4 ஜூலுக்கு முன் இது மலையளவு. ஆனால் அந்தக் கவசம் மூடுவது விரல்களை மட்டும். விழும் உளி குறிவைக்கும் புறங்காலை மூடுவது காலணியின் மேற்தோல்தான். கனமான பொருள் விழும் இடத்தில் முனைக்கவசம் இன்றியமையாதது. கூர்க்கருவி விழும் இடத்தில் தடித்த தோலாலான, நாக்குப்பகுதி நன்றாக மூடிய காலணி வேண்டும். கவசம் இல்லாத சாதாரணத் தடித்த தோல் காலணியும் செருப்பைவிட எவ்வளவோ மேல். வலைத்துணியால் ஆன ஓட்டக் காலணிக்கு இந்த விஷயத்தில் பெரிய மதிப்பில்லை.

தரையும் இதில் பங்கு கொள்கிறது. மேசையின் முன் ரப்பர் விரிப்போ, பழைய பலகைகளை இணைத்த தட்டியோ போட்டிருந்தால் விழும் கருவியின் முனை உடையாது; சிமெண்டில் மோதித் துள்ளிக் கணுக்காலில் படுவதும் குறையும். விரிப்பால் இன்னொரு நன்மையும் உண்டு. விழுந்தாலும் கருவி கெடாது என்று தெரிந்தவர் அதைப் பிடிக்கப் பாய மாட்டார்.

மின்கருவிகளும் ஏணியும்

கையில் பிடிக்கும் வட்டரம்பம், கிரைண்டர் போன்றவற்றில் சுவிட்சை விட்ட பிறகும் வட்டு சில நொடிகள் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் மேசை ஓரத்தில் வைத்தால் வட்டே சக்கரமாகிக் கருவியை நகர்த்திக் கீழே தள்ளிவிடும். வட்டு நிற்கும் வரை கையில் வைத்திருந்து, பிறகு மேசையின் உட்பக்கம் வைக்க வேண்டும். விட்டவுடன் அணையும் சுவிட்சைக் கம்பியாலோ ரப்பர் வளையத்தாலோ கட்டி நிரந்தரமாக அழுத்தி வைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அப்படிக் கட்டிய கிரைண்டர் கையைவிட்டு நழுவினால் ஓடிக்கொண்டே விழும்; தரையில் மோதிய வட்டு எந்தப் பக்கம் எகிறும் என்று எவராலும் சொல்ல முடியாது. பேட்டரித் துளைப்பானை நிமிர்த்தி நிறுத்தி வைக்கும்போது துளையலகைக் கழற்றிவிடுவதும் மின்கம்பியை மேசைக்கு மேலாகச் சுற்றி வைப்பதும் ஒரு நிமிட வேலை.

ஏணியில் நின்று அலமாரியோ நிலையோ பொருத்தும்போது உயரம் கூடுகிறது. 3 மீட்டரிலிருந்து விழும் உளி மணிக்கு 27 கி.மீ. வேகத்தைத் தாண்டும். ஏணியின் உச்சிப்படி கருவி வைக்கும் அலமாரி ஆகாது. இடுப்பில் ஆழமான பையோ கயிற்றில் தொங்கும் வாளியோ வேண்டும். உயரத்தில் பயன்படுத்தும் கருவிகளைக் கயிற்றால் பிணைக்கும் சாதனங்களுக்கென்றே அமெரிக்காவில் 2018இல் தனித் தரம் வெளியானது. கீழே நிற்பவரை எச்சரிக்கக் கூவும்போது அவர் இயல்பாக மேலே அண்ணாந்து பார்ப்பார், முகத்தைக் கொடுப்பார். ‘விலகு’ என்று கூவுவதும், அதைக் கேட்டதும் பார்க்காமலே விலகுவதும் இருவரும் சேர்ந்து பழக வேண்டியவை.

பழக்குதல்

கையைத் தடுக்க நேரம் இல்லை என்றால் அதற்குப் பதில் வேறோர் அசைவைப் பழக்கிவிடலாம். கருவி நழுவியதும் இரு கைகளையும் மார்புக்கு உயர்த்தி, ஒரு காலைப் பின்வைத்து விலகுவது அந்த அசைவு. 0.4 நொடிக்குள் இரண்டு பாதங்களும் முழுமையாக விலகிவிடும் என்ற உறுதி இல்லை. ஆனால் கைகள் ஆபத்திலிருந்து எடுக்கப்படுகின்றன, கால் தாங்கப் போவதும் நிற்கிறது. உளியின் எடையில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கி, வேலைக்கு நடுவே எதிர்பாராமல் மேசையிலிருந்து தட்டிவிட்டுப் பழகினால் சில வாரங்களில் உடல் கற்றுக்கொள்ளும். மாணவர்களுக்கு இது விளையாட்டாகவே அமைந்துவிடுகிறது, பிடித்தவர் தோற்றவர். உண்மையான கருவியைக் கொண்டு இந்தப் பயிற்சியைச் செய்யக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்றாலும் சொல்லி வைப்பது நல்லது.

விழுந்த பிறகும் சிறிது பொறுமை வேண்டும். உடனே குனிந்தால் தலை மேசையின் கீழே இருக்கும். ஒரு கருவியைத் தள்ளிய அதே இழுப்பு இன்னொன்றையும் ஓரத்துக்குக் கொண்டுவந்திருக்கலாம். முதலில் மேசையைப் பார்த்து, பிறகு எடுக்க வேண்டும். எடுத்த உளியின் பிடியில் விரிசல் உண்டா, பூண் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் அடித்தால் அடுத்த விழுகை அதிலிருந்தே தொடங்கும்.

இவற்றையெல்லாம் பட்டறைக்குள்ளேயே பழக்க வேண்டியிருப்பதற்குச் சட்டத்தின் அமைப்பும் ஒரு காரணம். இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், மின்சக்தி பயன்படுத்தும் இடமாயின் 10 தொழிலாளர்களும் பயன்படுத்தாத இடமாயின் 20 தொழிலாளர்களும் இருந்தால்தான் அதைத் தொழிற்சாலையாகக் கொண்டது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் பற்றிய சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 20, 40 என இரட்டிப்பாக்கியது. 3 பேரும் 4 பேரும் வேலை செய்யும் தெருவோரத் தச்சுப்பட்டறை இரண்டு கணக்கிலும் தொழிற்சாலை ஆகாது. அங்கே காலணி அணியச் சொல்லவோ, தாங்கியின் உயரத்தைச் சரிபார்க்கவோ தொழிற்சாலை ஆய்வாளர் வரப்போவதில்லை.

காயம் பட்டால்

வெட்டுப்பட்ட இடத்தில் சுத்தமான துணியை மடித்து வைத்து, இடைவிடாமல் 10 நிமிடம் அழுத்திப் பிடித்து, கையையோ காலையோ உயர்த்தி வைக்க வேண்டும். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை துணியைத் தூக்கிப் பார்ப்பது உறையத் தொடங்கிய இரத்தத்தைக் கலைக்கும். கருவி உடலில் குத்தி நின்றால் அதை உருவக்கூடாது. அசையாமல் சுற்றிலும் துணி வைத்துக் கட்டி, அப்படியே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள்தூள், காப்பித்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் ஆகியவற்றைக் காயத்தில் வைப்பது இன்னும் நடக்கிறது. அவை காயத்தை மாசுபடுத்துவதோடு, உள்ளே என்ன வெட்டுப்பட்டது என்று மருத்துவர் பார்ப்பதையும் கடினமாக்கும்.

இரத்தம் நின்றதும் அடிபட்டவரை ஒவ்வொரு விரலாக அசைக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். கைவிரல் முழுமையாக மடங்குகிறதா, கால் பெருவிரல் மேலே எழுகிறதா, விரல் நுனியைத் தொட்டால் இரு பக்கமும் உணர்ச்சி தெரிகிறதா என்பவை மூன்று கேள்விகள். ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும் காயம் எவ்வளவு சிறிதாகத் தோன்றினாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரத்தம் அழுத்தியும் நிற்காமல் பீறிட்டு வந்தால் 108ஐ அழைத்துவிட்டு, ஊர்தி வரும் வரை அழுத்தத்தை விடக்கூடாது.

பட்டறைத் தரையின் மண்ணிலும் தூசியிலும் இரணஜன்னிக் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். குறுகிய, ஆழமான குத்துக்காயம் அவற்றுக்கு ஏற்ற இடம். இந்தியாவில் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இதற்கான ஊக்கத் தவணைகள் 10 வயதிலும் 16 வயதிலும் போடப்படுகின்றன. அதன்பின் பலர் போட்டுக்கொள்வதே இல்லை. முழுத் தடுப்பூசி பெற்றவரானாலும், அழுக்கான காயத்துக்குக் கடைசித் தவணை போட்டு 5 ஆண்டு ஆகியிருந்தால் மீண்டும் ஒரு தவணை தேவைப்படும். சுத்தமான சிறு காயத்துக்கு அந்த இடைவெளி 10 ஆண்டு. கடைசியாக ஊசி போட்ட ஆண்டைக் கருவிப்பெட்டி மூடியின் உட்புறத்தில் எழுதி வைத்தால், மருத்துவமனையில் கேட்கும்போது நினைவைத் துழாவ வேண்டியிராது.